20 இலட்சம் பேர் வந்திட்டினமாம். உப்புவெளியில மேல்மாடி எழுப்பக் கடன் எடுக்கலாமோ?

உப்புவெளிக்காரன்

எல்லாருக்கும் வணக்கம். திருகோணமலை உப்புவெளியில ஒரு சின்ன கெஸ்ட் ஹவுஸ் நடத்திறன். நாலு ரூம், கடற்கரைக்கு நடந்து போற தூரம். அப்பாவின்ர காணியில, அதையே ஈடு வைச்சு 2016ல கட்டினது. இப்ப கடன் தந்த அதே வங்கி, மேல்மாடி போட்டு இன்னும் நாலு ரூம் எழுப்பச் சொல்லி நிக்குது. 2024ல 20 இலட்சத்துக்கு மேல பயணிகள் நாட்டுக்கு வந்தவையாம், 2025 ஜனவரியில மட்டும் இரண்டரை இலட்சம் தாண்டினதாம். எல்லாம் பழையபடி வந்திட்டுது, இப்ப விட்டால் பிறகு பிந்திப்போகும் எண்டு கிளை மனேஜர் வீட்டுக்கே வந்து சொல்லிப்போட்டுப் போறார்.

நான் தயங்கிறதுக்குக் காரணம் இருக்கு. தெற்குக்கு மார்கழி தொடங்கிச் சீசன், எங்களுக்கு வைகாசிக்குப் பிறகுதான். 2019 ஏப்ரல் 21ல குண்டு வெடிக்கேக்க எங்கட சீசனுக்கான புக்கிங் எல்லாம் அப்பதான் வந்து குவிஞ்சிருந்தது. ஒண்டொண்டாக் கான்சல் ஆச்சு. அடுத்த வருசம் பங்குனியில விமான நிலையத்தைப் பூட்டினாங்கள். 2021 ஜனவரியில திறந்தவை எண்டாலும், சான்றிதழ் வாங்கின பெரிய ஹோட்டலுகளுக்குத்தான் ஆக்களை அனுப்பினவை. எங்களை மாதிரி நாலு ரூம் காரருக்கு அதால ஒரு பிரயோசனமும் இல்லை. 2022ல பெற்றோல் இல்லை, காஸ் இல்லை, கறன்ட் நாளுக்குப் பத்து மணித்தியாலம் கூட நிண்ட காலம். பின்வளவில விறகடுப்பு மூட்டித்தான் வந்த ஒண்டிரண்டு பேருக்கும் மனுசி சமைச்சவ.

அந்தக் காலம் முழுக்க மொரட்டோரியம் எண்டு தவணை கட்டாமல் விட்டவை. ஆனா வட்டி நிக்கேல்லை. ஒவ்வொரு நீடிப்புக்கும் ஏறி ஏறி, கடைசியில அந்த வட்டியைத் தனிக் கடனாப் போட்டுத் தந்தவை. இண்டைக்கு நான் கட்டுற தவணையில ஒரு பங்கு, பூட்டிக் கிடந்த ரூமுக்குக் கட்டுற காசு.

என்ர கேள்வி இதுதான். நாடு உண்மையா மீளுதோ, இல்லாட்டி எண்ணிக்கை மட்டும் ஏறுதோ? தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ. ஆறுதல் வேண்டாம், கணக்கு வேணும்.

---

ஓய்வு_வங்கியாளர், யாழ்ப்பாணம்

தம்பி, வங்கியில் கடன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். அதனால் மனேஜர் சொல்லாமல் விட்ட பக்கத்தைச் சொல்கிறேன்.

தலைக்கணக்கு மீண்டது உண்மைதான். 2018இல் 23 இலட்சத்து 33 ஆயிரம் பேர் வந்தார்கள். 2021இல் இரண்டு இலட்சம்கூட இல்லை. 2022இல் 7 இலட்சத்து 20 ஆயிரம், 2023இல் ஏறத்தாழ 15 இலட்சம், 2024இல் 20 இலட்சத்து 53 ஆயிரம். தொற்று, கடன் முறிவு இரண்டையும் தாண்டி வந்த நாட்டுக்கு இது வேகமான ஏற்றம்.

ஆனால் டொலரைப் பாருங்கள். 2018இல் சுற்றுலாவால் வந்தது ஏறத்தாழ 438 கோடி டொலர். 2024இல் ஏறத்தாழ 317 கோடி. ஆட்கள் 12 வீதம் குறைவு, காசு 28 வீதம் குறைவு. ஒரு தலைக்குப் பிரித்தால் 2018இல் ஏறத்தாழ 1,880 டொலர், 2024இல் 1,540 சொச்சம். அதே டொலருக்கு இந்த ஆறு வருடத்தில் உலகம் முழுக்க விலை ஏறியிருக்கிறது என்பதையும் சேர்த்தால், வருகிறவர் உண்மையில் விட்டுச் செல்வது இன்னும் குறைவு. 'பழையபடி வந்துவிட்டது' என்று உங்கள் மனேஜர் சொன்னது விமான நிலையத்து வாசலில் நின்று எண்ணிய கணக்கு.

அடுத்தது, நாடு எதனால் எழும்பியது என்பது. 2022 ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தோம். அந்த வருடம் பொருளாதாரம் 7 வீதத்துக்கு மேல் சுருங்கியது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் பணவீக்கம் 69.8 வீதத்தைத் தொட்டது. அங்கிருந்து தூக்கி நிறுத்தியதில் சுற்றுலாவுக்குப் பங்கு உண்டு, ஆனால் முதல் பங்கு அதற்கில்லை. வெளிநாட்டில் வேலை செய்கிற எங்கள் சனம் அனுப்பிய காசு 2024இல் 657 கோடி டொலர். சுற்றுலா வரவைப்போல் இரண்டு மடங்கு. இறக்குமதியைப் பிடித்து வைத்தது, வெளிக்கடனைக் கட்டாமல் நிறுத்தி வைத்தது, 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் ஒப்புக்கொண்ட ஏறத்தாழ 300 கோடி டொலர் திட்டம், இவையெல்லாம் சேர்ந்துதான் டொலர் கையிருப்பை உயர்த்தின. மறுசீரமைத்த கடன்களின் பெரிய தவணைகள் 2028 அளவில் திரும்பத் தொடங்கும். நீங்கள் இப்போது எடுக்கப் போகிற கடன் அந்த வருடத்தையும் தாண்டி ஓடும். இதை ஒருவரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இனி உங்கள் ரூம் கணக்கு. நீங்கள் 30 டொலர் வாங்குகிறீர்கள் என்று வைப்போம். 2022 கடைசியில் டொலர் 360 ரூபாய் அளவில் நின்றபோது அது 10,800 ரூபாய். 2025 தொடக்கத்தில் 296 ரூபாய் அளவில் 8,880. ரூபாய் பலமடைந்தது நாட்டுக்கு நல்லது, உங்கள் கல்லாவுக்கு ஏறத்தாழ 1,900 ரூபாய் வெட்டு. செலவு அப்படி இறங்கவில்லை. மின்கட்டணம் 2022 ஓகஸ்டில் 75 வீதம், 2023 பெப்ரவரியில் 66 வீதம் என்று ஏற்றினார்கள். 2025 ஜனவரியில் சராசரியாக 20 வீதம் இறக்கியும் பழைய இடத்துக்கு வரவில்லை. ஏசி போட்ட ரூமுக்கு இது என்ன செய்யும் என்று உங்களுக்குத் தெரியும். வற் என்கிற மதிப்புக்கூட்டு வரி 18 வீதம். உங்களிடம் புரளும் காசு பதிவு எல்லையைத் தொடாததால் நீங்கள் அதைப் பதிந்து கட்டத் தேவையில்லை, ஆனால் வாங்குகிற சீமெந்திலும் பெயின்டிலும் அது ஏறித்தான் வரும். உங்களால் திருப்பி எடுக்க முடியாத வரி அது.

வட்டி இப்போது இறங்கியிருப்பதுதான் மனேஜரின் பலமான வாதமாக இருக்கும். மற்ற வங்கிகளின் வட்டிக்கு அடிப்படையான கொள்கை வட்டியை 2024 நவம்பரில் மத்திய வங்கி 8 வீதமாக வைத்தது. அதே மத்திய வங்கி 2022 ஏப்ரலில் ஒரே அறிவிப்பில் 7 வீதப் புள்ளிகள் ஏற்றியது. சந்தையோடு ஏறி இறங்கும் மிதக்கும் வட்டிக்குக் கையெழுத்து வைத்தவர்கள் அந்த வருடம் பட்டதை நான் கிட்ட இருந்து பார்த்தேன். காணியை விற்றவர்களும் இருக்கிறார்கள்.

என் கருத்து: மேல்மாடி வேண்டாம் என்று சொல்லவில்லை, இந்த வருடம் வேண்டாம். கட்டித்தான் ஆக வேண்டும் என்றால் இரண்டு ரூம், நிலையான வட்டி. தவணையைச் சீசன் ஐந்து மாதத்தில் பாதி ரூம் நிரம்பினாலே கட்டக்கூடிய அளவில் வையுங்கள். அதற்கு வங்கி சம்மதிக்கவில்லை என்றால், அந்தக் கடன் உங்களுக்காக உருவாக்கியது இல்லை.

---

மலையகத்து சாரதி

அண்ணே, நான் ஹட்டன் பக்கம். வேன் ஓட்டுறேன். கண்டி, நுவரெலியா, எல்ல, பெறகு சீகிரியா, ஹபரண வழியா உங்க ஊருக்கும் ஆள் கொண்டாந்து விட்டிருக்கேன். பேங்க் ஐயா சொன்ன 'தலைக்கு காசு குறையுது'ங்கிறத நான் ஸ்டியரிங் பக்கத்துல இருந்து பாக்குறேன்.

முன்னெல்லாம் ஜெர்மன்காரங்க, இங்கிலீஷ்காரங்க ரெண்டு வாரம் வேன எடுத்துக்கிட்டு ரவுண்டு அடிப்பாங்க. இப்ப வர்ற பாதிப்பேரு சின்ன வயசு, தோள்ல பை. கண்டில இருந்து எல்லக்கு ரயிலு, அங்கிருந்து பஸ்ஸு. போன்லயே பிக்மீ போட்டு த்ரீவீல் கூப்பிடுறான். நல்ல பசங்கதான், குறை சொல்லல. ஆனா வேன்காரனுக்கு அதுல ஒண்ணும் இல்ல. ரஷ்யாக்காரங்க நெறைய நாள் தங்குறாங்க, ஆனா தெற்கு கடற்கரைய விட்டு மேல ஏறுறது கம்மி. இந்தியாவுல இருந்துதான் ஆள் அதிகம். குடும்பமா வர்றாங்க, வேனும் எடுக்குறாங்க, நாலஞ்சு நாளு, அவ்வளவுதான்.

இன்னொரு விஷயம் யாரும் பேசுறதில்ல. 2020 மார்ச்ல வாகன இறக்குமதிய நிப்பாட்டினாங்க. 2025 பெப்ரவரிலதான் தொறந்தாங்க. நடுவுல அஞ்சு வருஷம் பழைய வேனுக்கே தங்க வெல. டூரிஸ்ட் இல்லாத காலத்துல லீசிங் கட்ட முடியாம வேன பறிகொடுத்தவங்க, தொழில் திரும்பி வந்தப்ப இன்னொரு வேன் வாங்க வழியில்லாம நின்னாங்க. எங்க ஸ்டாண்டுல இருந்த பாதிப்பேரு இப்ப கட்டார்லயும் குவைத்துலயும் ஓட்டுறாங்க. நல்லா இங்கிலீஷ் பேசுற பசங்க, எந்த வளைவுல நிப்பாட்டுனா தேயிலை மலை முழுசா தெரியும்னு தெரிஞ்சவங்க. 2022ல மட்டும் மூணு லட்சத்துக்கு மேல ஆளுங்க வெளிநாட்டு வேலைக்கு போயிட்டாங்கண்ணே. ரூம் கட்டலாம். ரூம் கூட்ட, சமைக்க, வர்றவங்ககிட்ட நாலு வார்த்தை பேச ஆள் எங்க இருந்து எடுப்பீங்க? மொதல்ல அத பாருங்க.

உங்களுக்கு ஒரு நல்லதும் சொல்றேன். ஆடி ஆவணில ஐரோப்பாவுல ஸ்கூல் லீவு. அப்ப தெற்குல கடல் கொந்தளிப்பு, உங்க பக்கம் கடல் குளம் மாதிரி கிடக்கும். கண்டி பெரஹரா திருவிழா, மின்னேரியாவுல யானைக் கூட்டம், எல்லாம் அந்த நேரந்தான். குடும்பத்தோட வர்றவங்கள நாங்க எப்படியும் கிழக்குக்குத்தான் இறக்கணும். ஆனா ஒரு ரெண்டு ராத்திரி தங்கிட்டு கிளம்பிடுறாங்க. புறாமலைக்கு ஒரு போட், கோணேசர் கோயில், முடிஞ்சுது. அவங்கள நாலு ராத்திரி நிப்பாட்ட வழி பண்ணுங்க. நாலு ரூம்ல எட்டு ரூம் காசு பாக்கலாம். சாரதிக்கு படுக்க ஒரு சுத்தமான கட்டிலு, ராவைக்கு சாப்பாடு குடுங்க. நாங்க ஆள் கொண்டாறோம். இத நான் மனசார சொல்றேன், சாரதிய வேன்லயே படுக்க விடுற எடத்துக்கு நாங்க ரெண்டாந்தடவ போறதில்ல.

---

கல்குடா அக்கா

நான் கல்குடா. வீட்டோட சேர்த்து இரண்டு ரூம் விடுறன், சமைச்சும் குடுக்கிறன். ஐயா சொன்ன கணக்கு சரி. ஆனால் அந்த 317 கோடி டொலரில எங்கட ஊருக்குள்ள எவ்வளவு நிண்டது எண்ட கணக்கு அதில வராது.

பாசிக்குடாவைப் பாருங்க. யுத்தம் முடிஞ்ச கையோட அந்தக் கடற்கரையைச் சுற்றுலா வலயமாக்கிப் பெரிய ஹோட்டலுகள் வரிசையா எழும்பினது. முதலாளிமார் வெளியூர். மரக்கறி தம்புள்ளையில இருந்து லொறியில வருது. எங்கட பிள்ளைகளுக்குத் தோட்ட வேலையும் துப்புரவு வேலையும். கொரோனாவில எல்லாம் பூட்டின உடனே முதல்ல வீட்டுக்கு வந்ததும் அவங்கதான். சீசன் முடிஞ்சா அதில பல கட்டடம் இருட்டாத்தான் கிடக்கும். கட்டடம் கூடினா ஊர் முன்னேறும் எண்டு நம்பி நாங்க ஒரு முறை பார்த்தாச்சு.

மொரட்டோரியம் கிடைச்சதைப் பற்றித் தம்பி கவலைப்படுறீர். சுற்றுலா அதிகார சபையில பதிவு இல்லாத எங்களுக்கு அதுவும் இல்லை. பதியப் போனா பிரதேச சபையின்ர கடிதம், கட்டட அனுமதி, காணி உறுதி எண்டு கேட்பாங்க. யுத்தத்தில உறுதியைத் தொலைச்ச சனம் அதுக்கு எங்க போறது? நான் நகையை ஈடு வைச்சுத்தான் அந்த இரண்டு வருசத்தைத் தள்ளினன். அதில ஒரு சோடி இன்னும் மீளேல்லை. நாடு மீண்டதெண்டு சொல்லேக்க அந்தச் சோடியைத்தான் நான் நினைக்கிறன்.

எண்டாலும் சீசனுக்கு இப்ப ஆள் வருது, பொய் சொல்லக்கூடாது. பிரான்சில இருந்து வந்த ஒரு குடும்பம் போன ஆவணியில ஆறு நாள் நிண்டது. காரணம் கடலில்லை. பிள்ளைகளுக்குத் தேங்காய் துருவப் பழக்கினன், சொதி வைக்கக் காட்டினன், பின்னேரம் கரைவலை இழுக்கிற இடத்துக்கு என்ர அண்ணன் கூட்டிக்கொண்டு போனார். வலைக்காரருக்கும் காசு, அண்ணனுக்கும் காசு, எனக்கும் காசு. அதுக்கு நான் ஒரு கல்லுக்கூட வைச்சுக் கட்டேல்லை. தம்பி, உம்மட மனுசி விறகடுப்பில சமைச்சவ எண்டு எழுதியிருக்கிறீர். அதே அடுப்பை நல்லாக் கட்டி, ஆக்களைக் கூப்பிட்டுப் பக்கத்தில இருத்தும்.

---

திருச்சி வாசகர்

உப்புவெளி அண்ணனுக்கு வணக்கம். பயணியாக வந்துபோனவன் என்ற முறையில் ஒன்றிரண்டு சொல்கிறேன்.

2024இல் இலங்கைக்கு வந்தவர்களில் இந்தியர்கள்தான் முதலிடம், நான்கு லட்சத்துக்கும் மேல். 2023 நவம்பரிலிருந்து எங்களுக்கு விசா கட்டணம் இல்லை. 2024 பிப்ரவரியில், போனிலேயே பணம் கட்டும் எங்கள் யுபிஐ அங்கே வந்தது. ஆகஸ்டில் நாகப்பட்டினம் – காங்கேசன்துறை கப்பல் மறுபடி ஓட ஆரம்பித்தது, செப்டம்பரில் சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு இண்டிகோ. நான் குடும்பத்தோடு அந்த வழியாகத்தான் வந்தேன். கொழும்பைத் தொடவே இல்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து திருக்கோணேஸ்வரம் போகவேண்டும் என்பது அம்மாவின் நீண்ட நாள் ஆசை. திருஞானசம்பந்தர் பாடிய தலம், எங்கள் வீட்டில் அந்தப் பதிகம் தினமும் ஓதுவோம். கோயிலில் அம்மா நின்ற நேரத்துக்கு விலையே கிடையாது. ஆனால் தங்கும் இடம் தேடிய அனுபவம் அப்படி இல்லை. இணையத்தில் பார்த்த படங்கள் எல்லாம் ஊஞ்சல் படுக்கையும் பியர் பாட்டிலுமாக இருந்தன. சைவச் சாப்பாடு உண்டா, காலையில் ஐந்து மணிக்கு வெந்நீர் கிடைக்குமா, மூன்று தலைமுறை ஒரே அறையில் தங்கலாமா என்று ஒருவரும் எழுதி வைக்கவில்லை. கடைசியில் நகரத்துக்குள் ஒரே ஒரு இரவு தங்கிவிட்டுத் திரும்பினோம். இதையெல்லாம் தமிழில் நான்கு வரி எழுதிப் படத்தோடு போட்டிருந்தால் மூன்று இரவு தங்கியிருப்போம்.

எங்கள் ஊர்க்காரர்கள் கையை இறுக்கித்தான் செலவு செய்வார்கள், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கோயிலுக்கு வருகிறவர்கள் சீசன் பார்ப்பதில்லை. சிவராத்திரிக்கும் வருவார்கள், பங்குனி உத்திரத்துக்கும் வருவார்கள். உங்களுக்கு ரூம் காலியாகக் கிடக்கும் மாதங்கள் அவை என்று நினைக்கிறேன்.

---

உப்புவெளிக்காரன்

எல்லாருக்கும் நன்றி. மனுசிக்கு முழுக்க வாசிச்சுக் காட்டினன். அக்கா சொன்ன அடுப்புக் கதைக்கு அவ உடனே ஓம் எண்டிட்டா, இப்பவே பின்வளவை அளந்துகொண்டு நிக்கிறா.

சாரதித் தம்பி, எங்கட வீட்டில சாரதிமாருக்கு ஒரு அறை இருக்கு, ஆனா அது பழைய சாமான் அறைதான். அதைத்தான் முதல்ல திருத்தப்போறன். திருச்சி அண்ணா, தமிழில எழுதிற விசயம் எனக்கு யோசனையிலயே வரேல்லை. வாசலில இருந்து கோயில் கிட்டத்தான், ஆட்டோவில கொஞ்ச நேரம். இண்டைக்கே எழுதத் தொடங்கிறன்.

ஐயா, உங்களிட்ட இன்னொரு கேள்வி. மேல்மாடிக் கடனுக்கு இல்லை எண்டு சொன்னால், பழைய கடனில வங்கி இறுக்கிப் பிடிக்குமோ? காணி உறுதி அவையிட்டத்தான் கிடக்கு. 2024ல ஏலத்தைக் கொஞ்சக் காலம் நிறுத்தி வைச்சவை எண்டு மட்டும் தெரியும்.

---

ஓய்வு_வங்கியாளர், யாழ்ப்பாணம்

புதுக் கடனை மறுத்ததற்காகப் பழையதில் கை வைக்க முடியாது, தவணை ஒழுங்காகப் போகும்வரை. பராட்டே சட்டப்படி ஈட்டுக் காணியை நீதிமன்றம் போகாமலே ஏலம் விட வங்கிக்கு அதிகாரம் உண்டு. அந்த அதிகாரத்தை 2024இல் தற்காலிகமாகத்தான் நிறுத்தினார்கள். ஆனால் அந்த ஏல அதிகாரம் தவணை தவறிய கடனுக்குத்தான் பாயும். ஆகவே, என்ன வந்தாலும் இப்போது ஒரு தவணைகூடப் பிந்த விடாதீர்கள், கடன் தகவல் பணியகமான கிரிப்பில் பெயர் கெட்டால் பிறகு பேரம் பேச முடியாது.

மாறாக, மனேஜர் உங்களைத் தேடி வருகிற நேரமே நீங்கள் கேட்க வேண்டிய நேரம். மொரட்டோரிய வட்டிக்கென்று போட்ட அந்தத் தனிக் கடன் எந்த வட்டியில் ஓடுகிறது என்று கடனுறுதிக் கடிதத்தை எடுத்துப் பாருங்கள். வட்டி உச்சத்தில் இருந்த 2022, 2023இல் எழுதியதாக இருந்தால் இன்றைய வட்டிக்கு மாற்றித் தரச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். தவணையையும் சீசன் மாதங்களில் கூட்டி, மழை மாதங்களில் குறைத்துத் தரச் சொல்லுங்கள். வாயால் கேட்டால் 'பார்ப்போம்' என்பார்கள். கடிதத்தில் கேட்டு, கிடைத்ததற்குக் கையெழுத்து வாங்கி ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். கடிதம் எழுத உதவி வேண்டுமானால் தனிச்செய்தியில் அனுப்புங்கள், வசனம் பார்த்துத் தருகிறேன்.